தொழிற்சாலையோ, பட்டறையோ?

பன்னாள் உழைத்த மோட்டார் வண்டியின் எஞ்சின் தளர்ந்தவிடத்து, புத்தெஞ்சின் கொள்ளும் பொருளிலார் நாடும் வழிகள் இரண்டு. தொழிற்சாலையிற் புதுக்கப்பெற்ற எஞ்சினை வாங்குதல் ஒன்று; தம் எஞ்சினையே பட்டறையாளரிடம் ஒப்புவித்துப் புதுக்குவித்தல் மற்றொன்று. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பார்க்கு எஞ்சின் ஓடினாலன்றி அடுப்பு எரியாது. ஆதலின் இவற்றுள் எது தக்கதென ஈண்டு ஆராய்வாம்.

தொழிற்சாலை முறை நெடுநாள் வழக்கினது. பாரிஸ் நகரை அடுத்த ஷுவாசி-லெ-ருவாவில் ரெனோ நிறுவனத்தார் 1949-ஆம் ஆண்டிலேயே இத்தொழிலைத் தொடங்கினர். இம்முறையில் பழைய எஞ்சின் முற்றும் பிரிக்கப்பெற்றுக் கழுவப்பெறும்; உறுப்புகள் அளக்கப்பெறும்; தேய்ந்தன விலக்கப்பெறும்; இறுதியிற் சோதனை நிகழும். புதுப்பொருளினும் குறையாத செயற்றிறனும் உத்தரவாதமும் உடையதே இவ்வாறு புதுக்கிய பொருள் என 2009-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் தரவிதி வரையறுத்து, வெறுஞ் செப்பனிடுதலை வேறாகப் பிரித்தது. மாற்றாகத் தம் பழைய எஞ்சினைக் கொடுத்துவிடுதல் இதன்கண் பெருவழக்கு. வருவது வேறெண் பொறித்த எஞ்சினாதலின், நம் நாட்டிற் பதிவுச் சான்றிலும் அதனைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

பட்டறையாளரோ உருளைகளைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பருத்த பிஸ்டன்களைப் பொருத்துவர். கிராங்க் தண்டினைச் சாணைபிடித்து, அதற்கேற்ற பேரிங்குகளை இடுவர். ஆக்கியோர் கைவிட்ட பழைய வண்டிகட்கு இவரே புகல். செலவும் பெரும்பாலுங் குறையும். ஆயின், இவர்தம் கைத்திறனும் நேர்மையுமே ஈண்டு உறுதி. வளையங்களை மட்டும் மாற்றி, மேலே வண்ணம் பூசி, முழுதும் புதுக்கியதாகக் கூறுவாரும் உளர்.

ஆகவே, பெயரை நோக்காது சில வினவுதல் வேண்டும். அளவுகள் எழுத்திற் கிடைக்குமோ? மாற்றிய உறுப்புகள் யாவை? மீண்டும் பழுதுறின் உறுப்பின் விலை மட்டுமோ, கழற்றிப் பூட்டுங் கூலியும் கிடைக்குமோ? யாவற்றினும் முதன்மையாக, முன்னை எஞ்சின் எதனாற் கெட்டது? ரேடியேட்டர் அடைபட்டு வெப்பமிகுதியாற் கெட்டதாயின், அதனைச் சீர்செய்யாது எவ்வெஞ்சினைப் பூட்டினும் அதுவும் கெடும்.

இவற்றிற்குத் தெளிந்த விடை தரும் பட்டறை, விடை தாராத பெரும்பெயரினும் நன்று. இருவரும் விடை தருவராயின், வண்டி பன்னாள் நிற்கப் பொறாதவர் தொழிற்சாலை எஞ்சினைக் கொள்க. பழைய வண்டி உடையார் பட்டறையை நாடுக. கோபுரம் கட்டப் புகுவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டுமென நம் ஆண்டவர் அருளிய அறிவுரை, எஞ்சின் புதுக்குவார்க்கும் பொருந்துவதேயாம்.