நோயாளியோடு கூடச் செல்வோம்

பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் ஒருவர் கடும் நோயுற்றால் லயத்தில் எழும் முதற்கேள்வி "யார் கூடப் போவது?" என்பதாகும். கூடப் போகிறவருக்கு அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையெனில் சம்பளம் இல்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட முகாமையின் கடமையாக்கியது. நாடெங்கும் இலவச வைத்தியம் பரவிய பின்னரும் எம்மக்கள் தோட்டத்து மருந்தகத்தையே நம்பியிருந்தனர். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கியபோதும் முற்றுப்பெறவில்லை. ஆகவே பாரதூரமான நோய்களுக்கு நகரத்து வைத்தியசாலையே கதி.

அங்கு நெரிசல்மிக்க நாட்களில் ஒரு கட்டிலில் இருவர். தரையில் பாயில் சிலர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது மருந்தை வெளியில் வாங்கும்படி துண்டு கொடுத்தார்கள். தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. எனினும் பல வார்ட்டுகளில் தமிழ் பேசுவோர் அரிது.

சீனி வருத்தம் முற்றிய கொழுந்து பறிக்கும் தாயொருவரை ஜீப்பில் கொண்டுபோய், வைத்தியசாலை வாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினோம். ஐந்தாம் நாள் துண்டு வெட்டினார்கள். மருந்து விபரம் சிங்களத்தில் சொல்லப்பட்டது, அவர் தலையாட்டினார். காலைக்கும் மாலைக்குமான குளிசைகளை ஒன்றாய், வெறுவயிற்றில் விழுங்கி வந்தவர், ஒருநாள் மலையில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, உயிர் தப்பினார்.

ஒரு வார்ட்டையே தனித்துத் தாங்கும் தாதியை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்தில் சேர்த்ததோடு நிற்கவில்லை. உடனிருந்து கவனித்தான், செலவைக் கொடுத்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான். நாமோ சத்திரத்து வாசலோடு நின்றுவிட்டோம்.

நாம் செய்யக்கூடியவை:

1. சிங்களம் தெரிந்த இளைஞர், யுவதிகள் முறைவைத்துக் கூடச் செல்லுதல். அவர்கள் இழக்கும் பேருக்குச் சங்க நிதியிலிருந்து ஈடு கொடுத்தல்.

2. கிளினிக் கொப்பியையும் பழைய துண்டுகளையும் ஒரே பையில் வைத்திருத்தல். அவசரத்திற்கு 1990 இலவச அம்புலன்ஸை அழைத்தல்.

3. வீடு திரும்புமுன் மருந்து விபரத்தை நோயாளியே திருப்பிச் சொல்லச் செய்தல். வாசிக்கத் தெரியாதவருக்கு மருந்து உறையில் சூரியனும் நிலவும் வரைந்து கொடுத்தல்.

4. குறைகளைத் திகதியுடன் எழுதி, பலர் ஒப்பமிட்டு, வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியிடம் கையளித்தல்.

கலந்துரையாடலுக்கு:

அ. எமது தோட்டத்திலிருந்து கடைசியாக வைத்தியசாலை சென்றவர் யார்? அவரை யார் போய்ப் பார்த்தோம்?

ஆ. தமிழில் விளக்கம் கேட்பது சலுகையா, உரிமையா? அதனைக் கேட்க எம்மைத் தடுப்பது எது?