உப்பளக் கரைக்கு ஒரு சொம்பு எலுமிச்சை: பயனுள்ள குறிப்புகள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் போல வந்தால் மரக்காணம். ஒரு பக்கம் கடலும் மீனவக் குப்பங்களும். மறுபக்கம் கண்ணைக் கூச வைக்கும் உப்பளப் பாத்திகள். அந்தக் குப்பங்களில் ஒன்று எக்கியார்குப்பம். 2023 மே 13, சனிக்கிழமை அங்கே விற்ற சாராயத்தில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகும், எலுமிச்சையும் ஜின்னும் கலந்த பானத்தை வீட்டிலேயே செய்வது எப்படி என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அந்தக் குவளையில் நாக்குக்குப் பிடிப்பது எது என்று யோசித்துப் பார்த்தேன். புளிப்பு, லேசான இனிப்பு, தோலின் மெல்லிய கசப்பு, வாசனை, சில்லென்ற குளிர்ச்சி. இவை ஐந்தும் நம் அடுக்களையிலேயே இருக்கின்றன. வெயிலில் நொந்த உடம்பு கேட்பதும் இவற்றைத்தான். ஆகவே இந்தக் குறிப்புகளில் சாராயம் கிடையாது. கடைசி இரண்டு குறிப்புகள் மட்டும் சாராயத்தைப் பற்றியவை. அவசரத்தில் இருப்பவர்கள் முதலில் அவற்றைப் படித்துவிடுங்கள்.

1. பழம் வாங்கும்போது அளவைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களில் கை கனக்கும் பழத்தில்தான் சாறு. தோல் மெல்லியதாக, பளபளப்பாக, அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். முழுப் பச்சையாக இருந்தால் சாறு குறைவு. மஞ்சள் படர ஆரம்பித்த பழம் நல்லது.

2. பிழியும் முன் உள்ளங்கையால் அழுத்தித் தரையில் நாலு முறை உருட்டுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழம் என்றால் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். கல் போல இருந்த பழமும் சாறு விடும்.

3. கொட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். கட்டையில் வைத்து நசுக்கும்போது கொட்டை உடைந்தால் சாறு கசக்கும். தோலையும் ஒட்ட ஒட்டப் பிழிய வேண்டாம். கடைசி நாலு சொட்டில் வருவது சாறு இல்லை, தோலின் கசப்பெண்ணெய். நம் வீடுகளில் "காலையில போட்ட ஜூஸ் மத்தியானம் கசக்குது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மிஞ்சிய தோலை வீசாமல் குறிப்பு 8 வரை வைத்திருங்கள்.

4. பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றி வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும். செம்பு கரைந்த சாறு வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், மண்பானை எதுவும் சரி. சொம்பு என்று தலைப்பில் எழுதியிருக்கிறேன். அது எவர்சில்வர் சொம்பு.

5. இந்தக் குறிப்புகளில் அதிகம் பயன்படப் போவது இதுதான். உப்பு வாரப் போகிறவர்களுக்கும், கடலுக்குப் போய் வருகிறவர்களுக்கும், கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு லிட்டர் பாட்டில்:

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை. தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு பழத்தின் சாறு.

சர்க்கரையும் உப்பும் வயிற்றுப்போக்குக்கு வீட்டில் செய்யும் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சாறு ருசிக்காக. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் கரைத்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். இறப்பு பல மடங்கு குறைந்தது. சர்க்கரை இருந்தால்தான் குடல் உப்பை உள்ளே இழுக்கும். உப்போடு தண்ணீரும் போகும். அதனால் இரண்டில் ஒன்றைக் குறைத்தாலோ கூட்டினாலோ பானம் தன் வேலையைச் செய்யாது. குறிப்பாக உப்பைக் கையால் அள்ளிப் போடாதீர்கள். கரண்டியால் அளந்து, கத்தி முதுகால் தட்டிவிட்டுப் போடுங்கள். கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

6. இந்தப் பாட்டிலுக்கு எந்த உப்பு? உப்பளத்தை வாசலில் வைத்துக்கொண்டு பாக்கெட் உப்பு வாங்குவதா என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் பாத்தியிலிருந்து அப்படியே அள்ளிய உப்பில் மக்னீசியம் ஒட்டியிருக்கும். அது பானத்தைக் கசக்க வைக்கும். அதில் அயோடினும் சேர்த்திருக்காது. நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்க இந்தியா முழுவதும் 2006 மே முதல் தடை இருக்கிறது. ஊறுகாய்க்கும் மீனுக்கும் கல் உப்பு இருக்கட்டும். குடிப்பதற்கு அயோடின் உப்பைப் போடுங்கள்.

7. கையில் சாறு பட்டபடி வெயிலில் இறங்காதீர்கள். எலுமிச்சைச் சாறும் தோலெண்ணெயும் பட்ட இடத்தில் கடும் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளிக்கும். பிறகு கருந்தேமல் போல மாதக்கணக்கில் மறையாது. பாத்திகளில் வெயில் மேலிருந்தும் வரும், உப்பின் வெண்மையில் பட்டுக் கீழிருந்தும் வரும். பாட்டில் கலக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள்.

8. கோடையில் எலுமிச்சை விலை ஏறிவிடும். பழம் மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் பாகு செய்து வைத்துக்கொண்டால் மே மாதம் கவலை இல்லை. இரண்டு குவளை சர்க்கரையை ஒரு குவளை தண்ணீரில் கொதிக்கவிட்டு இறக்குங்கள். சூடாக இருக்கும்போதே ஒரு பழத்தின் பச்சைத் தோலை மெல்லிய நாடாவாகச் சீவிப் போடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வராமல் சீவ வேண்டும். முழுவதும் ஆறியபின் தோலை எடுத்துவிட்டு ஒரு குவளை சாற்றை வடிகட்டி ஊற்றுங்கள். சூட்டில் சாறு ஊற்றினால் வாசனை போய்விடும். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் சிறிய அளவில் செய்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

இந்தப் பாகுக்கு ஒரு கப்பல் கதை உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு அழுகிச் சாகும் ஸ்கர்வி நோய் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தால் குணமாவதைக் கண்டார். கப்பல்களில் சாறு கெடாமல் இருக்க அதில் சாராயம் ஊற்றி வைத்தார்கள். 1867இல் லாக்லன் ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சாராயம் இல்லாமலே சாற்றைக் கெடாமல் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்று, சர்க்கரை சேர்த்த எலுமிச்சைப் பாகை விற்றார். பின்னாளில் அந்தப் பாகில்தான் ஜின்னை ஊற்றிக் கிம்லெட் என்று பெயர் வைத்தார்கள். பாகு முதலில் வந்தது, ஜின் பிறகு சேர்ந்தது.

9. விருந்தினருக்கான குவளை. ஜின்னின் வாசனைக்கு முதல் காரணம் ஜூனிபர் என்ற குளிர்நாட்டுக் காய். அடுத்தபடியாக அதில் சேர்வது கொத்தமல்லி விதை. அதோடு எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல். சில வகைகளில் ஏலக்காய். ஜூனிபரைத் தவிர மற்றவை நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

இரண்டு தேக்கரண்டி தனியாவை வறுக்காமல் ஒன்றிரண்டாக இடியுங்கள். மூன்று ஏலக்காயைத் தட்டிக்கொள்ளுங்கள். இரண்டு குவளை தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, இவற்றையும் சாத்துக்குடித் தோல் ஒரு சீவலையும் போட்டு மூடி இருபது நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் வாசனை எல்லாம் ஆவியோடு போய்விடும். வடிகட்டி ஆறவிடுங்கள். குவளையில் ஐஸ் போட்டு, பாகு மூன்று தேக்கரண்டி, இந்தத் தனியா நீர் கால் குவளை, அரைப் பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. மேலே சாதா சோடாவை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றியபின் கலக்கினால் நுரை அடங்கிவிடும். முதல் வாயிலேயே அந்தத் தனியா வாசனை தெரியும். கலியாண வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே தட்டிலிருந்து எடுக்கலாம். இதைவிட நல்ல குவளை ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கோலி சோடா கிடைத்தால் இனிப்பு உள்ளதா என்று கேட்டுக்கொண்டு பாகைக் குறையுங்கள்.

10. எலுமிச்சைக்குப் பதிலாக நார்த்தங்காய், கிடாரங்காய் சாறும் ஆகும். கசப்புக் கூடுதல் என்பதால் எலுமிச்சையில் பாதி அளவு போதும். நார்த்தை இலையின் நடு நரம்பை நீக்கிக் கசக்கிப் பானையில் போட்டால் தண்ணீரே மணக்கும். வெட்டிவேர் முடிச்சும் அப்படித்தான்.

11. பெண்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. உப்பளத்தில் ஒதுங்க இடம் இல்லாததால், காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் அக்காமார்கள் எத்தனையோ பேர். பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய் நிரப்பியபடியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு குடியுங்கள். உப்பளம் நடத்துகிறவர்களுக்கும் ஊராட்சிக்கும் ஒரு வேண்டுகோள்: நிழலுக்கு ஒரு கொட்டகையும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் கட்டிக் கொடுங்கள். அது இல்லாமல் எலுமிச்சைக் குறிப்பு எழுதி என்ன பயன்?

12. குடித்தபின் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். புளிப்பு பல்லின் மேற்பூச்சை அரிக்கும். உடனே பல் தேய்க்காதீர்கள். அரை மணி போகட்டும்.

13. பானத்தை ஊற்றி வைக்கும் கேனைப் பற்றி. தின்னர், பெயின்ட், பூச்சிமருந்து, தொழிற்சாலை ஸ்பிரிட் வந்த கேன் எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. அதேபோல், தண்ணீர் பாட்டிலில் தின்னரையோ ஸ்பிரிட்டையோ ஊற்றி வைக்காதீர்கள். இவற்றில் இருக்கக்கூடிய மெத்தனால் தண்ணீர் போலவே நிறமில்லாதது. சாராயத்தோடு கலந்தால் வாசனையிலோ ருசியிலோ பிரித்தறிய முடியாது. கொளுத்திப் பார்ப்பது, தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்ப்பது என்று சொல்லும் சோதனை எதையும் நம்பக் கூடாது. மதுவுக்கு ருசி கூட்ட எலுமிச்சை பிழிகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: எலுமிச்சை விஷத்தை முறிக்காது. மோரும் முறிக்காது, முட்டையும் முறிக்காது.

14. வீட்டில் ஒருவர் எங்கோ சாராயம் குடித்துவிட்டு வந்திருக்கிறார். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பையும் மூளையையும் தாக்குகிறது. அதற்குப் பன்னிரண்டு மணி முதல் இருபத்துநாலு மணி நேரம்கூட ஆகலாம். போதை தெளிந்து நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் நேரத்தில்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் வரும். பார்வை மங்கும், அல்லது பனிமூட்டத்தில் நிற்பதுபோல எல்லாம் வெள்ளையாகத் தெரியும். பத்து மில்லி உள்ளே போனாலே பார்வை போகலாம். அதற்குமேல் சில மடங்கு போனால் உயிர் போகும்.

மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். குடித்த பாக்கெட்டோ பாட்டிலோ மிச்சம் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் "சாராயம் குடிச்சார், இத்தனை மணிக்குக் குடிச்சார்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். வயிற்றுவலி என்று மட்டும் சொன்னால் வேறு வைத்தியத்தில் நேரம் போய்விடும். விஷமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இருக்கிறது; இரண்டுக்கும் நேரம்தான் முக்கியம். அவரோடு சேர்ந்து குடித்த மற்றவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

எக்கியார்குப்பத்தவர்களை அன்று புதுச்சேரி ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இதே மெத்தனாலுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

அடுக்களைச் சுவரில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, கரிக்கட்டையாலாவது ஆம்புலன்ஸ் எண்ணை எழுதி வையுங்கள்: 108. கட்டணம் கிடையாது. நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.