செரஸில் தண்ணீர் வளைந்து விழுமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள் பாடத்தில் லிப்ட் பற்றிய ஒரு பகுதி உண்டு. லிப்ட் முடுக்கத்துடன் மேலே போனால் நம் தோற்ற எடை கூடும். தடையின்றி விழுந்தால் எடையே இராது. எங்கள் ஊர் மாணவர்களில் பலர் லிப்டில் ஏறியதில்லை. சூத்திரத்தை எழுதுவார்கள், கணக்கையும் போடுவார்கள், ஆனால் உடம்பில் அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனவே சில ஆண்டுகளாக இந்தப் பகுதியை ஒரு விண்வெளிக் கதையைக் கொண்டு நடத்தி வருகிறேன்.

'தி எக்ஸ்பான்ஸ்' என்பது அந்தக் கதை. டேனியல் ஆபிரகாம், டை ஃபிராங்க் என்னும் இரண்டு அமெரிக்க எழுத்தாளர்கள் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற ஒரே புனைபெயரில் எழுதியது. 2011 முதல் 2021 வரை ஒன்பது நாவல்கள் வந்தன. 2015 முதல் 2022 வரை ஆறு சீசன்களாகத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இந்த உலகத்தை டை ஃபிராங்க் முதலில் ஒரு விளையாட்டுக்காகவே உருவாக்கினார். அந்த விளையாட்டை ஆடிப் பார்த்த ஆபிரகாம், இவ்வளவு விவரங்கள் தயாராக இருக்கும்போது நாவலாகவே எழுதிவிடலாமே என்று கருத, புத்தகம் பிறந்தது. நான் இதன் ரசிகை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகை சொல்வதைச் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது சில நூற்றாண்டுகள் கழித்து. பூமி ஒரு வல்லரசு. செவ்வாய் இன்னொரு வல்லரசு. இரண்டுக்கும் இடையில் நசுங்குபவர்கள் சிறுகோள் பட்டையிலும் வெளிக்கோள்களின் துணைக்கோள்களிலும் தலைமுறைகளாக வாழும் உழைப்பாளிகள். இவர்களைப் பெல்ட்டர்கள் என்கிறது கதை. குறைந்த ஈர்ப்பில் வளர்ந்ததால் இவர்கள் நெடுநெடுவென்று உயர்ந்து மெலிந்திருப்பார்கள். எலும்பு வலு குறைவு. தொடரின் தொடக்கத்தில், பூமிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெல்ட்டர் விசாரணைக்காகத் தொங்கவிடப்படுகிறான். அவனை யாரும் அடிக்கவில்லை. பூமியின் ஈர்ப்பே அவனுக்கு வதை. நாம் காலையில் எழுந்து சாதாரணமாக நடமாடும் 9.8 மீ/வி², இன்னொரு மனிதனுக்குத் தண்டனைக் கருவியாகிறது. எடை என்பது நாம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்ற ஒரு வரி உண்மைக்கு இதைவிட அழுத்தமான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. வகுப்பில் இந்தக் காட்சியை விவரிப்பதில்லை; அந்த மனிதனால் எழுந்து நிற்க முடியவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இனி லிப்டுக்கு வருவோம். இக்கதையின் கப்பல்களில் மாயமான செயற்கை ஈர்ப்பு எதுவும் கிடையாது. கப்பல் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் போன்றது, அடித்தளத்தில் எஞ்சின். எஞ்சின் தள்ளும்போது தரை நம் பாதங்களைத் தள்ளும்; அதையே நாம் எடையாக உணர்கிறோம். எஞ்சினை நிறுத்தினால் எல்லாரும் மிதப்பார்கள். பாதி வழியில் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் எஞ்சினை இயக்கி வேகத்தைக் குறைப்பார்கள். பாடநூலில் உள்ள R = m(g + a) என்ற சமன்பாட்டில் gக்குப் பூச்சியம் போடச் சொன்னேன். 50 கி.கி. நிறையுள்ள மாணவி, கப்பல் 9.8 மீ/வி² முடுக்கத்தில் போனால் 490 நியூட்டன் உணர்வாள். 3 மீ/வி² என்றால் 150 நியூட்டன். எஞ்சின் நின்றால் ஒன்றுமில்லை. லிப்டைப் பார்க்காதவர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரசிகர்கள் இந்தக் கதையைக் கொண்டாடுவதற்குக் காரணம் அறிவியல் சரியாக இருப்பது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓர் அறிவியல் நிபந்தனையைச் சொன்ன கையோடு விடாமல், அது பேச்சையும் கையசைவையும் அரசியலையும் எப்படி மாற்றும் என்று கடைசிவரை பின்தொடர்ந்து போகிறார்கள். பெல்ட்டர்கள் தலையாட்டுவதில்லை, தோளைக் குலுக்குவதில்லை. கையால்தான் ஆம், இல்லை என்பார்கள். விண்வெளி உடைக்குள் இருப்பவரின் தலையசைவு வெளியே தெரியாதல்லவா? அந்தப் பழக்கம் உடையைக் கழற்றிய பின்பும் ஒட்டிக்கொண்டது. பல நாட்டு உழைப்பாளிகள் கலந்ததால் அவர்களுக்கு ஒரு கலப்பு மொழி. தொலைக்காட்சித் தொடருக்காக நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் அதை முறையாக வடிவமைத்தார். செவ்வாயின் ஒரு பள்ளத்தாக்கில் இந்தியர், சீனர், டெக்சாஸ்காரர் சேர்ந்து குடியேறினார்களாம். எனவே அங்கிருந்து வரும் கப்பலோட்டி அலெக்ஸ் கமால், பெயரில் நம் பக்கத்தவர், பேச்சில் டெக்சாஸ்காரர்!

கதை மாந்தரும் இப்படித்தான் நிபந்தனைகளிலிருந்து எழுந்து வருகிறார்கள். செவ்வாய்ப் படைவீராங்கனை பாபி டிரேப்பர் வாழ்நாளெல்லாம் கூரைக்குக் கீழ் வளர்ந்தவள். செவ்வாயில் என்றாவது கடல் வரவேண்டும் என்பதற்காகத் தலைமுறைகளாக உழைக்கும் சமூகம் அவளுடையது. பூமிக்கு வந்ததும், காவலை மீறிக் கடலைப் பார்க்கத் தனியே நடந்து போகிறாள். எதிரி நாட்டில் அந்தக் கடல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. அவசரலா என்ற பூமி அரசியல்வாதியை ரசிகர்கள் இன்னும் அதிகமாகக் கொண்டாடுவார்கள். தெலுங்குக் குடும்பப் பெயர், சேலை, கூர்மையான நாக்கு, அதில் பாதி வகுப்பறைக்கு ஆகாதது.

கானிமீடில் பணிபுரியும் தாவரவியலாளர் பிராக்ஸை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கானிமீடு வியாழனின் துணைக்கோள். புதன் கோளைவிடப் பெரியது. கதையில் அதுதான் வெளிக்கோள் மக்களின் உணவுக் களஞ்சியம். போரில் அங்குள்ள பண்ணைகள் சேதமடைகின்றன. மக்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள், விளக்கும் எரிகிறது. ஆனால் பிராக்ஸ் ஒரு செடியின் இலை பழுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த நிலையம் செத்துவிட்டது, அதற்கே அது இன்னும் தெரியவில்லை என்று உணர்கிறார். இயற்கைச் சூழல் மண்டலத்தில் ஒரு வழி அடைபட்டால் வேறு பல வழிகள் உண்டு. மனிதன் கட்டிய எளிய அமைப்பில் வழிகள் சில மட்டுமே. ஒன்று பழுதானால் அதன் சுமை அடுத்ததில் ஏறும், அதுவும் பழுதாகும், பிறகு அதற்கடுத்தது. சூழல் மண்டலம் பாடத்தை நடத்துபவர்கள் இந்த இலையைப் பயன்படுத்திப் பாருங்கள். உணவு வலை ஏன் உணவுச் சங்கிலியைவிட உறுதியானது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இத்தனைக்கும் பிறகு செரஸ். 1801 ஜனவரி 1 அன்று கியூசெப்பே பியாஸி கண்டறிந்த குறுங்கோள். விட்டம் ஏறத்தாழ 940 கி.மீ. அதன் ஈர்ப்பு முடுக்கம் 0.28 மீ/வி² மட்டுமே. அதில் மனிதர் நடமாடுவதற்காக அதையே வேகமாகச் சுழலவிட்டு, பூமியின் ஈர்ப்பில் பத்தில் மூன்று பங்கை உண்டாக்கியிருக்கிறார்கள் என்கிறது கதை. மக்கள் உள்ளே சுரங்கங்களில், பாதம் வெளிப்பக்கமாகவும் தலை மையத்தை நோக்கியும் வாழ்கிறார்கள். தொடரின் ஒரு காட்சியில் செரஸில் ஒருவர் கோப்பையில் மது ஊற்றுகிறார் (வகுப்பில் அது தண்ணீர்). தாரை நேராக விழாமல் வளைந்து விழுகிறது. கொரியாலிஸ் விளைவாம். ரசிகர்கள் சிலாகிக்கும் காட்சி.

இதைக் கரும்பலகையில் சோதித்தோம். ஒன்பதாம் வகுப்பில் படித்த மையநோக்கு முடுக்கம்தான், v²/r. ஆரம் 470 கி.மீ. செரஸின் சொந்த ஈர்ப்பையும் ஈடுகட்ட வேண்டும் என்பதால் முடுக்கம் சுமார் 3.2 மீ/வி² தேவை. விடை: செரஸ் 40 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்ற வேண்டும். உண்மையில் அது ஒரு சுற்றுக்கு 9 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேகமாகச் சுழன்றால், வெளிநோக்கித் தள்ளும் அளவு அதன் ஈர்ப்பைப்போல் பத்து மடங்குக்கு மேல். மேற்பரப்பில் உள்ள கல்லும் மண்ணும் பறந்துவிடும். சரி, எப்படியோ கட்டி நிறுத்தினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. உயரத்திலிருந்து ஊற்றும் தண்ணீர் எவ்வளவு விலகும்? இந்தக் கணக்கு மேல்நிலை வகுப்புக்கு உரியது என்பதால் விடையை மட்டும் சொன்னேன்: ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. 10 மீட்டர் ஆரமுள்ள சிறு சுழல்வளையமாக இருந்திருந்தால் 2, 3 செ.மீ. விலகியிருக்கும்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு மாணவி எழுந்து, "அப்போ தப்பு இருக்கிற கதையை ஏன் டீச்சர் படிக்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. தப்பைக் கண்டுபிடிக்க எதெல்லாம் தேவைப்பட்டது என்று திருப்பிக் கேட்டேன். ஆரம், முடுக்கம், சுற்றுக்காலம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசி இருக்கையில் இருந்த ஒருவன், "கதையில செரஸ் இவ்வளவு பெருசுன்னு அவங்க சொன்னாத்தானே டீச்சர் நம்ம கணக்கே போட முடியும்?" என்றான். மந்திரக்கோல் கதையில் யாரும் இப்படிக் கணக்குப் போட முடியாது. தன்னைச் சரிபார்க்க இடம் கொடுக்கும் கற்பனை இது. இந்தத் தொடரின் ரசிகர்கள் அதன் பிழைகளை எடுத்துச் சொல்வதும் பகையால் அல்ல. 2018 மே மாதத்தில் முதல் தொலைக்காட்சி நிறுவனம் தொடரைக் கைவிட்டபோது, பணம் திரட்டி, தொடரைக் காப்பாற்றக் கோரும் பதாகையுடன் ஒரு சிறு விமானத்தை அமேசான் படப்பிடிப்பு நிறுவனத்தின் மேல் பறக்கவிட்டவர்களும் இதே ரசிகர்கள்தாம். அந்த மாதமே அமேசான் தொடரை எடுத்துக்கொண்டது.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: இரண்டு பாடவேளை போதும். காணொலி வேண்டாம், வன்முறையும் வசைச்சொற்களும் நிறைந்த தொடர் இது, மாணவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்வதே சரி. சொன்ன பிறகு குழுக்களாகப் பிரித்து, ஒரே ஒரு நிபந்தனையை மாற்றச் சொல்லுங்கள். அதிலிருந்து, "அப்படியென்றால்?" என்ற கேள்வியை ஐந்து முறை கேட்க வேண்டும். வேற்றுக்கிரகவாசி, மாயக்கல் போன்றவற்றுக்கு அனுமதி இல்லை. தமிழாசிரியரும் உடனிருந்தால் நல்லது. எங்கள் பள்ளியில் இதையே கட்டுரைப் பயிற்சியாகவும் வைத்துக்கொண்டார்கள்.

சென்ற முறை ஒரு குழு நிலவில் கபடியை எடுத்துக்கொண்டது. எடை ஆறில் ஒரு பங்கு, ஆனால் நிறை மாறாது. எனவே ஓடிவருபவரைப் பிடித்து நிறுத்துவது இங்கே போலவே கடினம், ஆனால் காலுக்குப் பிடிமானம் குறைவு என்று எழுதியிருந்தார்கள். இதுவரை நானும் எதிர்பார்த்தேன். காற்று இல்லாததால் பாடுவது கேட்காது, நடுவர் என்ன செய்வார் என்று அடுத்த கேள்வி வந்தது. தலைக்கவசத்துக்குள் ரேடியோ என்றான் ஒருவன். மூச்சு விடும்போது முகக்கண்ணாடியில் ஆவி படியும், இழுக்கும்போது மறையும், நடுவர் அதைப் பார்த்தால் போதும் என்றாள் ஒருத்தி. ஆவி படியாத கண்ணாடிதான் போடுவார்கள் என்று இன்னொரு குழு மறுத்தது. அவர்கள் முறை அடுத்த வாரம்.