வீடு தேடிப் போகும் உணவு ஆலோசனை



உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி, சர்க்கரை பார்க்க மதுரைக்கு வருகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். டாக்டரைப் பார்த்து, உணவு ஆலோசகரிடம் பத்து நிமிடம் பேசி, ஒரு தாளையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு வாரம் சோறு குறைகிறது. பிறகு ஒரு கலியாண வீடு, ஒரு திருவிழா. தாள் அலமாரிக்குப் போய்விடுகிறது. சாப்பாடு பழையபடி ஆகிவிடுகிறது.

அடிக்கடி நினைவூட்ட யாராவது இருந்தால்?

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2009 முதல் 2012 வரை ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதில் சேர்ந்தவர்கள், 35 முதல் 55 வயதுக்கு உட்பட்ட, வேலைக்குப் போகும் 537 ஆண்கள். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை. ஆனால் அதன் வாசற்படியில் நின்றவர்கள். எல்லாருக்கும் தொடக்கத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றி நேரில் சொல்லப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதன்பின் செல்போனில் குறுஞ்செய்திகள் தொடர்ந்து போயின.

இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி பெற்றவர்களில் 18 பேருக்கே வந்தது. அதாவது, ஏறக்குறைய 11 பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவர் தப்புகிறார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

1. முதலில் நேரில் பார்த்துப் பேச வேண்டும். செல்போன் அந்தப் பேச்சைத் தொடரும், அதற்கு ஈடாகாது.

2. ஆலோசனை ஆளுக்கு ஆள் மாறும். இன்சுலின் போடுகிறவர் வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரே ஆபத்தாகலாம். ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பக் கூடாது.

3. சமைக்கிறவரிடம் பேச வேண்டும். ஆய்வில் இருந்தவர்கள் கையில் செல்போன் வைத்திருந்தவர்கள். நம் கிராமத்துப் பாட்டிக்கோ போன் மகன் கையில் இருக்கும், எழுத்தும் தெரியாது. அவருக்கு எழுதி அனுப்புவதைவிட, மருமகளைக் கூப்பிட்டு, "இன்றைக்கு என்னம்மா குழம்பு? அத்தைக்கு எத்தனை கரண்டி சோறு வைத்தீர்கள்?" என்று கேட்பதே பலன் தரும். கம்பங்கூழானாலும் அளவு உண்டு என்று அப்போதே சொல்லிவிடலாம்.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். நோயாளியின் பெயரும் நோயும் எழுதிய ஒரு நோட்டு, ஒரு போன், பொறுமையோடு பேசத் தெரிந்த ஓர் ஆலோசகர் போதும். உங்கள் காணிக்கை அந்த ஆலோசகரின் ஒரு மணி நேரத்துக்கு உதவினால், அது ஒரு வீட்டு அடுப்படிவரை போய்ச் சேரும்.