ஆறாம் வகுப்பு சமூக அறிவியல்: காரைக்கால் கருக்களாச்சேரி மீனவப் பெற்றோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

புதுச்சேரி மாநில அரசுப் பள்ளிகளில் 2023-24ஆம் கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்தது. அதற்கு முன் காரைக்கால் பிள்ளைகள் படித்தது தமிழ்நாட்டுப் புத்தகம். "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்று ஒதுங்கிவிடும் பெற்றோர் அநேகம். கணக்குக்கு வேண்டுமானால் டியூஷன் தேடுங்கள். சமூக அறிவியலில் உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகம்.

1. பழைய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். முன்பு வரலாறு, புவியியல், குடிமையியல் என்று மூன்று என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இருந்தன. ஆறாம் வகுப்புக்கு 2024இல் மூன்றையும் சேர்த்து ஒரே புத்தகமாக்கிவிட்டார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் 2025இல் புதியது வந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் பழைய புத்தகம் இப்போது பாடத்துக்கு ஒத்து வராது. புதியதை என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

2. ஆனால் அண்ணன், அக்கா படித்த தமிழ்நாட்டுத் தமிழ்வழிச் சமூக அறிவியல் புத்தகம் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, பேரரசு, அரசியலமைப்பு எல்லாம் அதில் தமிழில் இருக்கும். பிள்ளை முதலில் அதைப் படித்துப் பொருளைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலப் பாடத்துக்குப் போகட்டும்.

3. விடையை முதலில் தமிழில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். மீன் கழுவிக்கொண்டே கேட்கலாம். தமிழில் நாலு வாக்கியம் கோவையாகச் சொல்ல வராத பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதுவது வெறும் மனப்பாடம்தான். புதிய புத்தகத்தில் ஒவ்வொரு பாடமும் இரண்டு மூன்று பெரிய கேள்விகளோடு தொடங்குகிறது. பாடம் முடிந்ததும் அந்தக் கேள்விகளையே கேளுங்கள். கைடு தேவையில்லை.

4. முதல் பாடமே பூமியில் ஓர் இடத்தைக் குறிப்பது எப்படி என்பதுதான். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவியை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்து வந்து, முற்றத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். காரைக்கால் ஏறக்குறைய வடக்கே 10 டிகிரி 55 மினிட், கிழக்கே 79 டிகிரி 50 மினிட். நம் ஊரில் திரையில் வரும் எண் இதை ஒட்டியே இருக்கும். அதைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும். பிறகு அப்பா வழக்கமாக வலை விடும் இடத்தின் எண்ணைக் காட்டுங்கள். வடக்கு தெற்காக ஒரு மினிட் தள்ளிப் போனால் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர். கடலில் கோடு எதுவும் தெரியாமலே அப்பா அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்வது எப்படி என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், பாடத்தில் பாதி முடிந்தது. கச்சான் எந்தத் திசைக் காற்று, வாடை எந்தத் திசைக் காற்று என்றும் பிள்ளை கேட்டு வைக்கட்டும். இதைத் தாத்தாவைப் போல யாரும் சொல்லமாட்டார்கள்.

5. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்குப் போகும் அப்பாமார் வீட்டில் இருக்கும் இந்த நாட்களில், மேலே சொன்ன ஜி.பி.எஸ். பாடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

6. காலக்கோட்டுக்கு வலைக்கயிறு போதும். சுவரில் நீளமாகக் கட்டி, பத்து ஆண்டுக்கு நான்கு விரல் அகலம் என்று அளந்து, துணி கிளிப்பில் சீட்டு மாட்டுங்கள். பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கு வந்த 1739, ஆட்சி கைமாறிய 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்த 1962 ஆகஸ்ட் 16, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, பிள்ளை பிறந்த ஆண்டு. எல்லாம் ஒரு சுவருக்குள் அடங்கிவிடும். நவம்பர் 1க்கும் ஆகஸ்ட் 16க்கும் நமக்கு ஏன் தனியாக லீவு என்று பிள்ளையே கேட்கும்.

7. கி.மு., கி.பி. கணக்கில் பூஜ்ஜிய ஆண்டு கிடையாது. கி.மு. 2இலிருந்து கி.பி. 2 வரை மூன்றே ஆண்டுகள். இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். பரீட்சையில் பலர் சறுக்கும் இடம் இது.

8. வரலாற்றுச் சான்றுகள் பற்றிய பாடத்துக்கு வீட்டுப் பெட்டியைத் திறங்கள். வீட்டு வரி ரசீது, பழைய கல்யாண போட்டோ, மீனவர் அடையாள அட்டை, பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் இருந்தால் அதுவும், எல்லாமே சான்றுதான். புராஜெக்டில் ஜெராக்ஸை மட்டும் ஒட்டுங்கள், அசலைப் பள்ளிக்கு அனுப்பவே கூடாது. பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது.

9. ஆத்தாவிடம் சுனாமியைப் பற்றிப் பேட்டி எடுக்க வேண்டுமென்று பிள்ளை வந்தால், முதலில் நீங்கள் தனியாகப் போய் "சொல்லுவியா ஆத்தா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இருபது ஆண்டு கடந்தும் ஆறாத துக்கம் அது. ஐந்து மார்க்குக்காக அதைக் கிளற வேண்டியதில்லை. சொல்ல முன்வந்தால், அவர் பேச்சை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதட்டும். பேட்டி என்றால் கேள்வி கேட்பது மட்டுமல்ல, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதும்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.

10. உள்ளாட்சி பற்றிய பாடங்களில் கிராமம், வட்டாரம், மாவட்டம் என்று மூன்றடுக்கு வரும். நம் மாநிலத்தில் கிராமப் பஞ்சாயத்து, கொம்யூன் பஞ்சாயத்து என இரண்டடுக்குதான். கொம்யூன் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஏற்பாடு. 1968க்குப் பிறகு 2006இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. "நம்ம ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்காங்களே, அவங்க யாரு?" என்று பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்து ஊர் வழக்கம், கொம்யூன் பஞ்சாயத்து சட்டம் ஏற்படுத்தியது, இரண்டும் வேறு. யார் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் பெண்களுக்கு இடம் உண்டா என்று பிள்ளை அடுத்துக் கேட்டால் அதற்கும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். இந்தப் பாடத்தை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

11. பொருளாதாரப் பாடம் சுலபம். மீன் பிடிப்பது முதல்நிலைத் தொழில், கருவாடு போடுவது இரண்டாம் நிலை, லாரியில் ஏற்றி அனுப்புவது மூன்றாம் நிலை. அம்மா சமைப்பதற்குச் சம்பளம் இல்லை, ஆனாலும் அது வேலைதான் என்றும் புத்தகத்தில் உண்டு. அந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

12. மேப்புக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம். கடற்கரை ஈரத்தில் மை பரவி, பின்பக்கமும் ஊறிவிடும். கலர் பென்சில் போதும். மழைக்காலத்தில் மேப் நோட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

13. புராஜெக்டைக் கடையில் பிரிண்ட் எடுத்து ஒட்டிக் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், பள்ளி அளவில் 20. அந்த இருபதை வாங்கும் பழக்கம் ஆறாம் வகுப்பிலேயே வர வேண்டும்.

14. பெற்றோர் கூட்டத்தில் "எப்படிப் படிக்கிறான் சார்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். நோட்டுக்கும் புராஜெக்டுக்கும் எவ்வளவு மதிப்பெண், சொந்த வார்த்தையில் எழுதினால் மதிப்பெண் உண்டா, வகுப்பில் கேள்வி கேட்கிறானா என்று மூன்றையும் கேளுங்கள். காலையில் மீன் விற்கப் போகும் அம்மாமார், மாலையில் வர முடியும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அல்லது போனில் பேச நேரம் கேளுங்கள்.