கிணற்றுக்குப் பழைய பிளீச்சிங் பவுடர் போடலாமா?

கேள்வி: மழைக்குப் பின் கிணற்று நீர் கலங்கிவிட்டது. போன வருடம் வாங்கிய பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருக்கிறது. போடலாமா? எவ்வளவு?

பதில்: அதைப் போடாதீர்கள். புதிய பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்வது அதுதான். ஈரம், வெயில், வெப்பம் பட்டால் அது பறந்துவிடும். நெடி குறைந்து கட்டி கட்டியாகிவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்பே.

முதலில் கலங்கல் தெளியட்டும்; சேறு குளோரினைத் தின்றுவிடும். பிறகு கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்குங்கள். கிடைப்பது லிட்டர் கணக்கு. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் புதிய பவுடர். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம், நீரின் கடினத்தன்மை கூடும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே இறைக்க வேண்டும். இரவில் போட்டுக் காலையில் இறைப்பது இன்னும் நல்லது.

கையுறை, முகக்கவசம் கட்டாயம். கழிவறை ஆசிட்டோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையே பறிக்கலாம். அப்படி நேர்ந்துவிட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே திறந்தவெளிக்கு ஓடுங்கள். டப்பாவை இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.