புது ரூட்டர் வாங்கும் முன்: இணைப்புக் கடவுச்சொல் குறிப்புகள்

சுங்கை சோ, சிரண்டா, ரவாங் பக்கம் பிற்பகல் இடிமழையில் ரூட்டர் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. கடையில் புதியது வாங்கிவிடலாம். ஆனால் இணைப்பின் பெயரும் கடவுச்சொல்லும் தெரியாவிட்டால், யாராவது வந்து பார்க்கும் வரை பிள்ளைகளின் பாடமும் வங்கி வேலையும் நின்றுவிடும். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணையம் உள்ள வீடுகளை மனத்தில் வைத்து இவற்றை எழுதுகிறேன்.

1. வீட்டில் மூன்று கடவுச்சொற்கள் உண்டு. வைஃபைக்கு ஒன்று, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க ஒன்று, டிஎம் நிறுவனத்தோடு இணைய ஒன்று. மூன்றாவதைப் பல வீடுகளில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பொருத்த வந்தவரே அடித்துவிட்டுப் போயிருப்பார். இணைப்பு நன்றாக இருக்கும்போதே டிஎம்மின் 100-ஐ அழைத்துக் கேளுங்கள். தாளில் எழுதி, கரண்டு பில்லோடு சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம்.

2. புது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், இணைப்பு வகையில் ‘பிபிபிஓஇ’யைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு இணைப்பென்றால் இணைப்புப் பெயரின் கடைசியில் ‘அட் யூனிஃபை’ என்ற வால் கட்டாயம் வேண்டும். டிஎம்மின் பழைய இணையச் சேவையான ஸ்திரீமிக்ஸ் காலத்துப் பெயர் இதற்குச் செல்லாது.

3. அடுத்து வரும் ‘ஆதெண்டிகேஷன்’ என்ற கட்டத்தில்தான் பலரும் திகைத்து நிற்கிறார்கள். அங்கே ‘ஆட்டோ’, ‘பாப்’, ‘சாப்’ என்று இருக்கும். ‘பாப்’ கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும். 1996-இல் இப்போதைய வடிவம் பெற்ற ‘சாப்’ அப்படி அனுப்பாது. எதிர்ப்பக்கம், அதாவது டிஎம் நிறுவனம், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைத் தரும். ரூட்டர் அதையும் கடவுச்சொல்லையும் கலந்து கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். ‘பாப்’ என்பது காலைப் பிரட்டில் ஒருமுறை பெயர் கொடுப்பது. ‘சாப்’ என்றால் கங்காணி வேலைக்காட்டுக்கும் வந்து மறுபடி ஆளைப் பார்க்கலாம். எது வேண்டும் என்று கேட்பது நிறுவனத்தின் பக்கம். ஆகவே ‘ஆட்டோ’வில் விடுங்கள். அது இல்லையென்றால் முதலில் ‘சாப்’, சேராவிட்டால் ‘பாப்’.

4. பைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால், புது ரூட்டரில் ‘வி-லேன்’ எண் 500 என்று போட வேண்டும். இரண்டும் ஒரே பெட்டி என்றால் இந்த வேலை அதற்குள்ளேயே நடக்கிறது. கடையில் வாங்கியதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ ஆக வைத்தால் போதும்.

5. இணையவில்லையா? கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், அமைப்புப் பக்கத்தில் ‘லாக்’ பதிவைத் திறந்து பாருங்கள். ‘ஆதெண்டிகேஷன் ஃபெய்ல்ட்’ என்றிருந்தால் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை என்றால், முதலில் வி-லேன் எண்ணைச் சரிபாருங்கள். பைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு பைபர் இழையில். ரூட்டரில் எதையும் தொடாதீர்கள்.

6. பழையதைக் கழற்றிய கையோடு புதியதை மாட்டினால் சில சமயம் இணைப்பு மறுக்கப்படும். பழைய இணைப்பு இன்னும் இருப்பதாக எதிர்ப்பக்கம் கணக்கு வைத்திருக்கலாம். சில நிமிடம் பொறுங்கள்.

7. அணைத்துப் போடுவது வேறு, பின்னால் உள்ள ‘ரீசெட்’ துளையில் ஊசியால் அழுத்துவது வேறு. ஊசி போட்டால் இணைப்புப் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லி வையுங்கள். அமைப்புகளை ‘பேக்கப்’ கோப்பாகக் கணினியில் சேமித்துக்கொள்வது நல்லது.

8. இடி முழங்கத் தொடங்கும் முன்பே ரூட்டர், பைபர் பெட்டி இரண்டின் பிளக்குகளையும் பிடுங்குங்கள். பைபர் இழை கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது. ஆபத்து கரண்டு வயரிலும் செம்புக் கம்பியிலும்தான்.

9. சில பக்கங்கள் திறந்து, சில பாதியில் நின்றால் ‘எம்டியூ’ (ஒருமுறையில் அனுப்பும் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா பாருங்கள். வழக்கமான 1500 பைட்டில் 8 பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது.

10. வீட்டிலிருந்து அலுவலகத்தோடு இணைபவர்கள் ‘பிபிடிபி’ வகை விபிஎன்னைத் தவிர்க்கவும். அது நம்பியிருக்கும், மேலே சொன்ன ‘சாப்’பின் இன்னொரு வடிவமான ‘எம்எஸ்-சாப்’ இரண்டாம் பதிப்பை உடைக்கும் வழி 2012-இலேயே வெளியாகிவிட்டது. வேறு வகை தரும்படி அலுவலகத்தைக் கேளுங்கள்.